முள் சிவப்பைத் தொடவில்லை

செப்டம்பர் 14, ஞாயிறு

கட்சியின் ஆண்டு விழாப் பொதுக்கூட்டம், கடைத்தெரு முக்கில். மைக் செட் வழக்கம்போல் நம்முடையதுதான். வெற்றிமுரசு ஒலிபெருக்கி நிலையம், உரிமையாளர் சி. கலியமூர்த்தி, அதாவது நான். இருபத்தாறு வருடமாக முழக்கக் கட்சியைத் தவிர வேறு எந்தக் கட்சிக்கும் ஒரு ஒயர்கூட இழுத்ததில்லை. காதுகுத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் இழுப்பேன். அது வயிற்றுக்கு. கட்சி உயிருக்கு.

ஒரு தலைவரை எடை போட எனக்குப் பேச்சைக் கேட்கவே வேண்டாம். ஆம்ப்ளிஃபையரில் ஒரு சின்ன முள் உண்டு. குரல் ஏற ஏற அது வலது பக்கம் போகும். கடைசியில் சிவப்புக் கட்டம். உணர்ச்சி உள்ளவன் பேசினால் முள் சிவப்பில் போய் முட்டும். மழுப்புகிறவன் பேசினால் நடுவிலேயே ஆடிக்கொண்டிருக்கும். மேடைக்குக் கீழே உட்கார்ந்து, முள் எத்தனை முறை சிவப்பைத் தொட்டது என்று கோடு போட்டு எண்ணுவது என் வழக்கம். கூட்டம் முடிந்ததும் தொண்டர்கள் நேரே என்னிடம்தான் வருவார்கள். "அண்ணே, இன்னிக்கு யாருக்கு எவ்வளவு?"

இளைஞரணி வீரசேகர், ஒன்பது நிமிடம், முப்பத்தொரு சிவப்பு. நகரச் செயலாளர் தியாகசுந்தரம் அண்ணன், இருபத்திரண்டு நிமிடம், பூஜ்யம்.

பூஜ்யம்! அதோடு விட்டாரா? எதிர்க்கட்சியைச் சொல்லும்போது "பேரவைக் கட்சி நண்பர்கள்" என்றார். நண்பர்களாம். எனக்குக் காது கூசியது. வீரசேகர் என்னைப் பார்த்தான். நான் வீரசேகரைப் பார்த்தேன்.

அண்ணன் பேசும்போது நான் வால்யூமைக் கொஞ்சம் இறக்கி வைத்திருந்தது உண்மைதான். வயதானவர், கரகரவென்று வந்தால் அவருக்குத்தானே அவமானம்? இதை யாரிடமும் சொல்லத் தேவையில்லை.

செப்டம்பர் 15

தலைவலி. மங்கையர்க்கரசி இட்லிக்கு அரைக்கவில்லை. உப்புமா.

செப்டம்பர் 17, புதன்

நம்மூரில் டீக்கடை இரண்டு. பேருந்து நிறுத்தத்துக்கு இந்தப் பக்கம் இருப்பது நம் கடை. ஊதாக் கரை வேட்டிகள் உட்காரும். அந்தப் பக்கம் இருப்பது பேரவைக்காரன் கடை, கிளிப்பச்சைக் கரை. செத்தாலும் ஒருவன் கடையில் ஒருவன் தண்ணீர் குடிக்க மாட்டான். இது எழுதாத சட்டம்.

இன்று காலை பத்து மணிக்கு, பட்டப்பகலில், தியாகசுந்தரம் அண்ணன் அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார். பக்கத்தில் பேரவையின் நகரச் செயலாளர், அரிசி ஆலை அமிர்தகணேசன். இரண்டு பேரும் சிரித்தார்கள். டீயைக்கூட மன்னிக்கலாம், தொண்டை வறட்சி என்று சொல்லலாம். அண்ணன் வடையும் சாப்பிட்டார். வடைக்கு என்ன சமாதானம் சொல்வார்?

வீரசேகர் படம் எடுத்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். மாலைக்குள் நூற்றுப் பதினாறு பேர் கோபப்பட்டுவிட்டார்கள்.

செப்டம்பர் 20, சனி

நேரில் போய்க் கேட்டே விட்டேன். நான் ஒன்றும் பின்னால் பேசுகிறவன் இல்லை.

"வா கலி, உக்காரு," என்றார். அவர் வீட்டம்மா மோர் கொடுத்தார்கள். குடித்தேன். மோர் வேறு, கொள்கை வேறு.

"அண்ணே, அவன்கூட உங்களுக்கு என்ன பேச்சு?"

"வாய்க்காப் பேச்சுதான். போன வருசம் உன் வீட்டுல எவ்வளவு தண்ணி?"

"முழங்கால். ரெண்டு ஆம்ப்ளிஃபையர் போச்சு. அதுக்கு?"

"தோப்புத் தெரு, செட்டிக்குளத்தெரு, உங்க தெரு, மூணு தெருத் தண்ணியும் வடியுற வாய்க்காலு அமிர்தகணேசன் மில்லு சுவத்துல வந்து முட்டிக்கிட்டு நிக்குது. சுவத்த வாய்க்காலுக்கு மேலயே கட்டிட்டான் அவங்கப்பன். கேஸு போட்டா ஆறு வருசம். அதான் நேராவே கேட்டேன். ஒத்துக்கிட்டான்."

"ஒத்துக்கிட்டானா?"

"தீபாவளிக்கு முன்னாடி, ரிப்பேருன்னு பேரு சொல்லி, இருவது அடி சுவத்த அவனே எடுத்துடுறேங்கிறான். ஒரே ஒரு கண்டிசன். நாம ஜெயிச்சோம்னு மைக்ல கத்தக் கூடாது. கத்துனா அவன் கட்சிக்காரன் அவனைக் கடிச்சுக் கொதறிடுவான். அவனுக்கும் ஒரு வீரசேகர் இருக்கான்ல?"

எனக்கு ரத்தம் கொதித்தது. சுவர் விழுவது பெரிதா? எப்படி விழுகிறது என்பதுதானே பெரிது! எதிரியிடம் கேட்டு வாங்கும் இருபது அடி எனக்கு எதற்கு? போராடி, மிதித்து, அவன் முகத்தில் கரி பூசி வாங்க வேண்டும். அதுதானே அரசியல்? ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைப்பவர் நமக்குத் தலைவரா?

இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. மோர் நன்றாக இருந்ததாக மட்டும் சொன்னேன்.

செப்டம்பர் 25, வியாழன்

மேலிடத்துக்குப் புகார் மனு தயார். நானே எழுதினேன். நண்பர்கள் என்றது, டீ, வடை, கருவாட்டுக்கடை கோவிந்தன் வீட்டுச் சாவுக்குக் கரை இல்லாத வேட்டியில் போனது (கோவிந்தன் பேரவை), பத்து வருடமாக ஒரு முறைகூட எவனையும் "டேய்" என்று அழைக்காதது. மொத்தம் பதினாறு குற்றம். நாற்பத்து மூன்று பேர் கையெழுத்து. அதில் இரண்டு பேர் போன வருடமே காலமாகிவிட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. கொள்கைக்கு ஏது மரணம்?

மங்கையர்க்கரசி பரணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "மழை வருது, அரிசி மூட்டையத் தூக்கி மேல போடுங்க."

"நான் மனு எழுதிக்கிட்டு இருக்கேன்."

"மனுவ எழுதி முடிச்சு அதுமேல ஏறி உக்காந்துக்குங்க. தண்ணி வராது."

அரசியல் அறிவு இல்லாத குடும்பத்தில் பெண் எடுத்தது என் தவறுதான்.

அக்டோபர் 3, வெள்ளி

மேலிடப் பார்வையாளர் வந்தார். தங்க பிரேம் கண்ணாடி, இடுப்பில் ரெண்டு செல்போன். பயணியர் விடுதியில் விசாரணை. சாட்சி நான்தான். ஆம்ப்ளிஃபையரையே தூக்கிக்கொண்டு போய் முள்ளைக் காட்டி விளக்கினேன். அசந்துபோனார். "இந்த மாதிரி ஒரு அளவுகோலு மாவட்டம் பூரா வேணும்யா," என்றார்.

அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டார். "இருபத்திரண்டு நிமிசம் பேசியிருக்கீங்க. முள்ளு ஒரு தடவகூட சிவப்பைத் தொடலையாமே. உங்க தரப்பு விளக்கம் என்ன?"

அண்ணன் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு, "மைக்கு கொஞ்சம் தூரமா இருந்துச்சு," என்றார்.

அவ்வளவுதான் அவர் விளக்கம். கத்தவில்லை, மறுக்கவில்லை. அதையும் மெதுவாகத்தான் சொன்னார். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக்கூட வேகம் வராத மனிதர் கட்சியை எப்படிக் காப்பாற்றுவார்? பார்வையாளர் எழுதிக்கொண்டார்.

அக்டோபர் 7, செவ்வாய்

தியாகசுந்தரம் அண்ணன் நீக்கம். புதிய நகரச் செயலாளர், சி. கலியமூர்த்தி!

பதினொரு பொன்னாடை. வீரசேகர் என்னைத் தோளில் தூக்கினான். வீட்டுக்கு வந்து பொன்னாடைகளை விரித்துக் காட்டினேன். மங்கையர்க்கரசி தடவிப் பார்த்து, "ஒண்ணுகூடத் தண்ணி உறிஞ்சாது போலயே," என்றாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

சரித்திர நாள். ஆலை முன்பு சுவர் இடிப்புப் போராட்டம். எட்டு ஹார்ன் கட்டினேன், நான்கு ஆலையைப் பார்த்து, நான்கு அமிர்தகணேசன் வீட்டைப் பார்த்து. நானே பேசினேன், நானே முள்ளைப் பார்த்துக்கொண்டேன். அறுபத்து நான்கு சிவப்பு! இந்த ஊரில் இதுவரை யாரும் தொடாத எண். "இருபது அடி தர்றேன்னு ரகசியமா எங்க காலைப் புடிச்சான் அமிர்தகணேசன்! எங்களுக்கு இருபது அடி வேணாம், முழுச் சுவரும் வேணும்!" என்றேன். கூட்டம் ஆர்ப்பரித்தது.

கைதாகிக் கல்யாண மண்டபத்தில் இருந்தோம். எலுமிச்சைச் சாதம், அப்பளம். ஐந்து மணிக்கு விட்டார்கள்.

திரும்பி வரும்போது பார்த்தால், பேரவைக்காரன் எல்லாம் கிளிப்பச்சைக் கொடியோடு ஆலை முன்னால் நிற்கிறான். அமிர்தகணேசனைச் சுற்றி நின்றுகொண்டு, "காலைப் புடிச்சியா? சொல்லுய்யா, காலைப் புடிச்சியா?" என்று கேட்கிறான். அந்த ஆள் முகத்தில் ஈயாடவில்லை. கொத்தனாரை வரவழைத்து, எல்லோரும் பார்க்கச் சுவருக்கு மேல் இன்னும் மூன்று வரிசை செங்கல் வைத்தார்கள்.

நம் போராட்டத்தின் வீச்சைப் பாருங்கள். எதிரி பயந்துபோய்ச் சுவரை உயர்த்திவிட்டான்.

அக்டோபர் 19

மழை.

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளிப் பட்டாசு பாதி வெடிக்கவில்லை. நமத்துவிட்டது. தண்ணீர் வாசல் படியின் முதல் கல்லைத் தொடுகிறது. ஆம்ப்ளிஃபையர்களைக் கட்டில்மேல் ஏற்றினேன். அரிசி மூட்டையை மங்கையர்க்கரசியே ஏற்றிவிட்டாள்.

அக்டோபர் 23, வியாழன்

இடுப்பளவு. கட்டிலை மேசைமேல் ஏற்றி, அதன்மேல் ஆம்ப்ளிஃபையர், அதன்மேல் பொன்னாடை. மூன்று தெருவிலும் நூற்று நாற்பது வீடு. எல்லோரும் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். எதிர்வீட்டுச் சுகந்திக்கு இது ஒன்பதாவது மாதம். கதவைக் கழற்றி, அவளை அதில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். தண்ணீர் போக வழியில்லை. மில்லுச் சுவரில் போய் முட்டித் திரும்பி நம் வீட்டுக்கே வருகிறது.

பள்ளிக்கூடத்துக்கு அமைச்சர் யாரும் வரவில்லை. வீரசேகர் வந்தான். "அண்ணே, அடுத்த போராட்டம் எப்ப?" என்று கேட்டான். அவன் வீடு மேட்டுத் தெருவில்.

மங்கையர்க்கரசி எல்லோர் எதிரிலும் சொன்னாள். "வேலில போன ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டீங்க. இருவது அடி குடுத்தான், வேணாம்னீங்க. இப்பப் போய் கேளுங்க."

"நான் செயலாளர்டி. நான் எப்படி அவன்கிட்ட..."

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன? போங்க. சுகந்தி இடுப்பு வலிக்குதுங்குது."

அவமானமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. போனேன்.

அக்டோபர் 24, வெள்ளி

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன்.

முதலில் தியாகசுந்தரம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். இடுப்புக்குக் கீழே சேறு. "வாங்க செயலாளரே," என்றார். முன்பெல்லாம் வா கலி என்பார்.

"நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே."

"நான் இப்ப யாரு? நான் கேட்டா அவன் கட்சிக்காரனும் நம்ப மாட்டான், நம்ம கட்சிக்காரனும் நம்ப மாட்டான். நீங்கதான் கேக்கணும். ஆனா இந்த வேட்டியோட போகாதீங்க, நடுங்குறீங்க." தன்னுடைய வெள்ளை வேட்டி ஒன்றைக் கொடுத்தார். கரை இல்லாதது. என் மனுவில் பத்தாவது குற்றம் இந்த வேட்டிதான் என்று நினைக்கிறேன். கட்டிக்கொண்டேன். காய்ந்திருந்தது, கதகதப்பாக இருந்தது.

அமிர்தகணேசன் ஆலை ஆபீசில் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

"உக்காருங்க கலியமூர்த்தி. எட்டு ஹார்ன் கட்டுனீங்களே, எங்க வீட்டு அம்மாவுக்கு மூணு நாளு காது அடைச்சுக்கிச்சு."

"மன்னிச்சுக்கங்க." இந்த வார்த்தை எப்படி வாயில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. "புள்ளத்தாச்சிப் பொண்ணு ஒண்ணு பள்ளிக்கூடத்துல கெடக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ரோட்டுல வழி இல்ல."

"எனக்கு மட்டும் ஆசையா? நீங்க காலைப் புடிச்சான்னு சொன்னதுலேர்ந்து எங்க ஆளுங்க டெய்லி வந்து செங்கல்ல எண்ணிப் பாக்குறானுங்க. நானா இடிச்சா என்னை மாத்திருவானுங்க. ஆனா..." மேலே பார்த்தார். "இந்த மழையில சுவரு தானா விழலாம். பழைய சுவருதானே. மூணு வரிசை வேற புதுசா ஏத்தியிருக்கு, கனம் தாங்காது."

"விழுமா?"

"மத்தியானம் ரெண்டு மணிக்கு விழும். மில்லு ஜேசிபி அந்தப் பக்கம் உமி அள்ள வரும். ஒரே கண்டிசன். மைக்ல என் பேரு வரக் கூடாது. ஜெயிச்சோம்னு வரக் கூடாது."

செப்டம்பரில் சொன்ன அதே கண்டிஷன். அப்போது இருபது அடிக்குச் சொன்னது. சரி என்றேன்.

டீ வந்தது. வடையும் வந்தது. இரண்டு நாளாகப் பட்டினி. சாப்பிட்டேன். சட்னி நன்றாகவே இருந்தது. இதை வேறு எங்கும் எழுத மாட்டேன்.

இரண்டு மணிக்குச் சுவர் விழுந்தது. நாலரைக்குத் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு வந்தது. ஆறு மணிக்கு ஆட்டோ போக வழி கிடைத்தது. சுகந்திக்குப் பெண் குழந்தை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அக்டோபர் 25

ஜன்னலைச் சாத்தியிருந்தார். கதவைச் சாத்தவில்லை. கரையில்லாத வேட்டியில், கையில் வடையோடு நான் இருக்கும் படம் குழுவில் வந்துவிட்டது. எடுத்தவன் யாரென்று தெரியவில்லை. முதலில் பகிர்ந்தவன் வீரசேகர்.

நவம்பர் 2, ஞாயிறு

வீடு கழுவினோம். மெத்தையைத் தூக்கி எறிந்தோம். ஒரு ஆம்ப்ளிஃபையர் மட்டும் பிழைத்தது. பொன்னாடையால் தரை துடைத்துப் பார்த்தேன், மங்கையர்க்கரசி சொன்னது சரிதான்.

யாரும் நன்றி சொல்லவில்லை. சுவர் தானாக விழுந்தது என்றுதானே எல்லோருக்கும் தெரியும்? குழுவில் மட்டும் விடாமல் வருகிறது. "ஒரு வடைக்கு எத்தனை அடி?" "வெள்ளை வேட்டி வெள்ளைக்கொடி." "முழக்கமா, முனகலா?" தாங்க முடியாமல், நடந்ததைச் சொல்லி ஒரு பதில் தட்டினேன். அனுப்பவில்லை. அனுப்பினால் அமிர்தகணேசன் கதை முடிந்தது. அடுத்த வருட மழைக்கு யாரிடம் போவது?

போராட்டத்துக்கு வந்தவர்களும் பள்ளிக்கூடத்தில் படுத்திருந்தவர்களும் ஒரே ஆட்கள்தான். அதிலும் என் மனுவில் கையெழுத்துப் போட்ட நாற்பத்து மூன்று பேரில் முப்பது பேர் வீட்டுத் தண்ணீர் அந்த வழியாகத்தான் வடிந்தது. எனக்கு வயிறு எரிகிறது.

நவம்பர் 9, ஞாயிறு

நிவாரணம் கேட்டுப் பொதுக்கூட்டம். செயலாளர் மேடையில் இருக்க வேண்டுமாம். அதனால் ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் வீரசேகர் உட்கார்ந்துகொண்டான். மடியில் ஒரு நோட்டு.

நான் விளாசித் தள்ளினேன். தொண்டை நரம்பு புடைத்தது. ஆனால் என் குரல் எனக்கே திரும்பி வரவில்லை. கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தது. பின்வரிசையில் ஒருத்தன், "கேக்கலை!" என்றான். நான் குனிந்து பார்த்தேன். வீரசேகரின் கை வால்யூமில் இருந்தது. குமிழ் நான்கில் நின்றது. எட்டில் இருக்க வேண்டும்.

மைக்குக்கு முன்னால் நிற்பவருக்கு ஆம்ப்ளிஃபையர் குமிழ் அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது. எந்த எண்ணில் இருக்கிறது, யார் விரல் அதன்மேல் இருக்கிறது, எல்லாம் தெரிகிறது. இருபத்தாறு வருடமாக மேடைக்குக் கீழேயே உட்கார்ந்திருந்ததால் எனக்கு இது தெரியாமல் போய்விட்டது.

எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. கூட்டம் அதையும் மழுப்பல் என்று எடுத்துக்கொண்டிருக்கும்.

மேடையை விட்டு இறங்கியபோது தொண்டர்கள் நேரே வீரசேகரிடம் போனார்கள். "அண்ணே, எவ்வளவு?" அவன் நோட்டைத் திருப்பிக் காட்டினான்.

தியாகசுந்தரம் அண்ணன் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். "நல்லா பேசுன கலி," என்றார்.

"கேட்டுச்சாண்ணே?"

"கேக்காதுன்னு தெரியும். அதான் முன்னாடி வந்து உக்காந்தேன்."

அவர் காலில் விழவேண்டும் போலிருந்தது. ஆனால் பக்கத்தில் நாலு பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வேட்டியைத் துவைத்துக் கொடுத்து அனுப்புகிறேன் என்று மட்டும் சொன்னேன். "நீயே வச்சுக்க, தேவைப்படும்," என்றார்.

நவம்பர் 13, வியாழன்

அதே பார்வையாளர், அதே பயணியர் விடுதி. சாட்சி வீரசேகர். நான் கண்டுபிடித்த முள்ளை எனக்கே விளக்கிக் காட்டினான். பதினெட்டுக் குற்றம். என் மனுவைவிட இரண்டு கூட.

பார்வையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பத்தொன்பது நிமிசம் பேசியிருக்கீங்க. முள்ளு ஒரு தடவகூட சிவப்பைத் தொடலையாமே. உங்க தரப்பு விளக்கம் என்ன?"

சொல்லியிருக்கலாம். அவன் கை, குமிழ், நான்கு, எட்டு, எல்லாம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி வரும். குமிழை இப்படி இறக்கலாம் என்று உனக்கு எப்படித் தெரியும்? செப்டம்பர் பதினான்காம் தேதி அது எதில் இருந்தது?

வீரசேகரைப் பார்த்தேன். முப்பத்தொரு சிவப்பு எடுத்த பையன். அடுத்த செயலாளர் அவன்தான். அடுத்த மழைக்கு ஆலைக்குப் போக வேண்டியவனும் அவன்தான்.

"மைக்கு கொஞ்சம் தூரமா இருந்துச்சு," என்றேன்.

பார்வையாளர் எழுதிக்கொண்டார்.